ஒரு வீடு, இரண்டு பயிற்சியாளர்கள்: ஹார்பா சகோதரர்களை மிச்சிகன் ஏன் கொண்டாடுகிறது?

2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டன் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி, வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 34-13 என்று வீழ்த்தி அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசியப் பட்டத்தை வென்றது. 26 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த பட்டம் அது. சரியாகப் பதினாறு நாள் கழித்து, அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தொழில்முறை அணியின் பொறுப்பை ஏற்றுக் கிளம்பிவிட்டார். விட்டுவிட்டுப் போன பயிற்சியாளரை அமெரிக்கக் கல்லூரி ரசிகர்கள் வழக்கமாகத் திட்டித் தீர்ப்பார்கள். இவரை வாழ்த்தி வழியனுப்பினார்கள்.

இன்னொரு புதிரும் உண்டு. ஜிம்மின் அண்ணன் ஜான் ஹார்பா மிச்சிகனுக்காக ஒரு நாளும் ஆடியதில்லை, அங்கே பயிற்சி அளித்ததும் இல்லை. ஆனாலும் அவரும் தங்கள் ஆள் என்றே மிச்சிகன் ரசிகர்கள் பேசுகிறார்கள். டெட்ராய்ட் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் மாணவர்களும் அன்றாடம் காதில் கேட்கும் பெயர் இது. ஏன் இவ்வளவு பற்று என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் விளங்காது. வெற்றி மட்டும் காரணமாக இருந்தால், வேறு பல பயிற்சியாளர்களும் இதே அளவுக்குக் கொண்டாடப்பட்டிருக்க வேண்டும். காரணம் 1973இல் தொடங்குகிறது.

முதலில் சில அடிப்படைகள்

1. இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், பக்கத்துக்குப் பதினொரு பேர் மோதும் ஆட்டம். ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்ததும் எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்று நொடிப்பொழுதில் முடிவெடுப்பவர் அவர்தான்.

2. இந்த ஆட்டத்தில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று கல்லூரிகளின் உலகம். மற்றொன்று என்எஃப்எல் எனப்படும் தொழில்முறை உலகம், அதில் 32 அணிகள். ஏறக்குறைய எல்லாத் தொழில்முறை வீரர்களும் கல்லூரி வழியாகத்தான் வருகிறார்கள். ஆனால் கல்லூரி ஆட்டத்தைத் தொழில்முறை ஆட்டத்துக்கான படிக்கட்டு என்று நினைத்துவிடக் கூடாது. பல ஊர்களில் அதுதான் முதன்மை ஆட்டம்.

3. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் என்ற ஊரில் இருக்கிறது. ஊரின் மக்கள்தொகை 2020 கணக்குப்படி ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பல்கலைக்கழக மைதானத்தின் இருக்கைகள் 1,07,601. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையன்று ஊருக்குள் இன்னோர் ஊர் வந்து இறங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை.

4. தலைமைப் பயிற்சியாளர் வெறும் உடற்பயிற்சி ஆசிரியர் அல்லர். வீரர்களைத் தேடிப் பிடிப்பது, உதவிப் பயிற்சியாளர்களை அமர்த்துவது, ஆட்ட உத்தியை வகுப்பது, களத்தில் நொடிக்கு நொடி முடிவெடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே தாக்குதலுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், தடுப்புக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், உதைத்து ஆடும் கட்டங்களுக்குத் தனியாக ஒருவர் என்று ஒரு பெரிய குழுவே இயங்கும்.

5. கல்லூரி வீரர் நான்கைந்து ஆண்டுகளில் போய்விடுவார். 2021 ஜூலை முதல் தம் பெயரையும் உருவத்தையும் வைத்து வீரர்கள் பணம் ஈட்டலாம் என்று ஆனது. கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. 2025-26 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் பங்கிட்டுத் தரலாம்; அந்த முதல் ஆண்டில் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பயிற்சியாளர்களும் கூடுதல் ஊதியம் தேடி நகர்ந்தபடியே இருக்கிறார்கள்.

இந்த ஐந்தாவது செய்திதான் மற்றவை எல்லாவற்றையும்விட முக்கியம். எல்லாரும் வந்து போகும் இடத்தில், போகாமல் இருப்பவர் ரசிகர் ஒருவர்தான். அப்பா உட்கார்ந்த இருக்கையில் மகள் உட்காருகிறாள். களத்தில் இருக்கும் முகங்கள் ஒவ்வோர் ஆண்டும் மாறுகின்றன. அப்படிப்பட்ட ரசிகருக்கு, தன்னைப் போலவே சிறுவயதிலிருந்து இந்த ஊரையே சுற்றி வந்த ஒருவர் களத்தில் நின்றால் அது சாதாரண விஷயமில்லை.

1973: அடுத்தடுத்த வயதில் இரண்டு பையன்கள்

ஜாக் ஹார்பா 1973இல் மிச்சிகன் அணியின் உதவிப் பயிற்சியாளராக ஆன் ஆர்பருக்குக் குடிபெயர்ந்தார். மூத்த மகன் ஜான் பிறந்தது 1962 செப்டம்பரில். இளையவன் ஜிம் 1963 டிசம்பரில். பதினைந்து மாத இடைவெளி. இருவரும் ஒரே அறையில் வளர்ந்தார்கள். அடிதடி எல்லை மீறியபோது அறையின் நடுவே தரையில் ஒட்டுநாடா ஒட்டி, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்ட கதையை இருவருமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

அணியின் தலைமைப் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர். 1969 முதல் 1989 வரை இருபத்தோர் ஆண்டுகள் அந்த அணியைக் கட்டி ஆண்ட மனிதர். அவருடைய அலுவலகமும் பயிற்சிக் களமும் இந்தப் பையன்களுக்கு விளையாட்டுத் திடலாக இருந்தன. ஒரு நாள் சிறுவன் ஜிம் ஷெம்பெக்லரின் நாற்காலியில் சாய்ந்து, மேசைமேல் கால் நீட்டியபடி அவரிடமே கையும் களவுமாகப் பிடிபட்டான் என்ற கதை அந்த ஊரில் இன்றும் சொல்லப்படுகிறது.

அவர்கள் வந்து சேர்ந்த ஆண்டே மறக்க முடியாத ஆண்டு. மிச்சிகனுக்குப் பரம எதிரி பக்கத்து மாநிலத்து ஒஹையோ ஸ்டேட். 1973 நவம்பர் 24 அன்று, தோல்வியே காணாத இந்த இரண்டு அணிகளும் ஆன் ஆர்பரில் மோதி 10-10 என்று சமனில் முடித்தன. பெருமைக்குரிய ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு யாரை அனுப்புவது என்று, இரு அணிகளும் அடங்கிய பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து ஒஹையோ ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தோற்காமலேயே வெளியேறியது மிச்சிகன். அந்த வடுவை நேரில் கண்ட ரசிகர்களும், அந்த வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்த்த இரண்டு பையன்களும் ஒரே காலத்தவர்கள். இந்தப் பற்றின் அடிவேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இருவரும் படித்த பயனியர் உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்கு எதிரில், தெருவைக் கடந்தால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. ஆட்ட நாளில் பள்ளியின் புல்வெளி முழுக்க ரசிகர்களின் வண்டிகள் நிற்கும். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குள் நடப்பார்கள். அந்தப் புல்வெளியில் நிற்கும் ரசிகருக்கு ஹார்பா சகோதரர்கள் தொலைக்காட்சியில் தெரியும் பிரபலங்கள் அல்லர். இந்தப் பள்ளியில் படித்த பையன்கள்.

"மிச்சிகன் ஆள்" என்ற சொல்

மிச்சிகன் ரசிகர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் இது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1989இல் ஷெம்பெக்லர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநராகவும் இருந்தார். கூடைப்பந்துப் பயிற்சியாளர் பில் ஃப்ரீடர், தேசியப் போட்டி தொடங்கும் நேரத்தில் அரிசோனா ஸ்டேட்டுக்குப் போக ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். போட்டி முடியும் வரைகூட அவரை விடவில்லை ஷெம்பெக்லர். மிச்சிகன் அணியை மிச்சிகன் ஆள்தான் நடத்துவான் என்று சொல்லி, உதவியாளராக இருந்த ஸ்டீவ் ஃபிஷரிடம் பொறுப்பைக் கொடுத்தார். அந்த அணி தேசியப் பட்டம் வென்றது.

இந்தச் சொல்லுக்குப் பிறப்பும் பட்டமும் அளவுகோல் இல்லை. ஃபிஷர் மிச்சிகனில் படித்தவர் அல்லர். ஷெம்பெக்லரே ஒஹையோ மாநிலத்துக்காரர். அங்கே மயாமி பல்கலைக்கழகத்தில் படித்து, பரம எதிரியான ஒஹையோ ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்துவிட்டு வந்தவர். (ஃபுளோரிடாவில் உள்ள மயாமி வேறு, இது வேறு.) ஆக, இந்த அணியிடம் ஒருவர் காட்டும் விசுவாசத்தைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

ஜான் ஹார்பா எந்தக் கணக்கில் வருகிறார் என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. ஜான் படித்ததும் அதே ஒஹையோ மயாமியில்தான். பெரிய வீரர் என்று பெயர் எடுக்கவில்லை. ஷெம்பெக்லர் நடந்த பாதையிலேயே நடந்து, பயிற்சியாளர் ஆனார். தம்பி ஜிம்மோ மிச்சிகனிலேயே குவாட்டர்பேக் ஆனார். 1986இல் ஒஹையோ ஸ்டேட்டுடன் மோதுவதற்குச் சில நாள் முன்பு, நாங்கள் வெல்வோம், உறுதி தருகிறேன் என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். எதிரியின் மைதானத்தில் 26-24 என்று வென்றும் காட்டினார். ஒஹையோவின் கடைசி உதை குறி தவறிய அந்த ஆட்டத்தை நாற்பது ஆண்டு ஆகப்போகும் நிலையிலும் அந்த ஊர்ப் பெரியவர்கள் வரிவரியாகச் சொல்வார்கள்.

பிரிந்து போன பாதைகளும், ஒரு கதவின் இரு பக்கமும்

ஜிம் பதினான்கு பருவங்கள் தொழில்முறை வீரராக ஆடினார். அந்தக் காலத்திலேயே, 1994 முதல் 2001 வரை, அப்பா ஜாக் பயிற்சியாளராக இருந்த வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழக அணிக்கு ஊதியம் வாங்காமல் உதவி, வீரர்களைத் தேடிப் பிடித்துத் தந்தார். பணமில்லாமல் இழுத்து மூடும் நிலைக்குப் போயிருந்த அணி அது. 2002இல் அந்த அணி தன் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. பிறகு ஜிம் தலைமைப் பயிற்சியாளராகி, சான் டியேகோ, ஸ்டான்ஃபோர்டு ஆகிய பல்கலைக்கழகங்கள், அடுத்து என்எஃப்எல்லில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் என்று ஏறினார். ஜான் பிலடெல்பியாவில் பல ஆண்டுகள் உதைக் கட்டங்களின் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 2008இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

2011 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாளன்று, இரண்டு அணிகளும் மோதின. தலைமைப் பயிற்சியாளர்களாக இரு சகோதரர்கள் எதிரெதிரே நின்றது என்எஃப்எல் வரலாற்றில் அதுவே முதல் முறை. ரேவன்ஸ் 16-6 என்று வென்றது. ஆட்டம் முடிந்து நடந்ததை ஜாக் ஹார்பா பலமுறை சொல்லியிருக்கிறார். அவரும் மனைவி ஜாக்கியும் முதலில் ரேவன்ஸ் அறையை எட்டிப் பார்த்தார்கள். கூச்சலும் கும்மாளமும், நடுவில் மலர்ந்த முகத்தோடு மூத்த மகன். இங்கே நமக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். நடையைக் கடந்து எதிர் அறைக் கதவைத் திறந்தால், இளைய மகன் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். நாம் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று அப்போது புரிந்தது என்கிறார் ஜாக்.

2013 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸில் என்எஃப்எல் பட்டத்தை முடிவு செய்யும் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்திலேயே இருவரும் மோதினார்கள். 28-6 என்று ரேவன்ஸ் முன்னால் இருந்தபோது அரங்கத்தில் மின்சாரம் போய், 34 நிமிடம் ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கியபின் ஜிம்மின் அணி துரத்திக்கொண்டு வந்தது. முடிவில் 34-31. அண்ணன் வென்றார். ஆன் ஆர்பரில் அன்று யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்த வீடுகள் நிறைய இருந்திருக்கும்.

பற்று அறுந்துபோன இரண்டு தருணங்கள்

ரசிகர்களின் அன்பு தங்குதடையின்றி ஓடியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

1. 2007. ஸ்டான்ஃபோர்டு பயிற்சியாளராக இருந்த ஜிம், தாம் படித்த மிச்சிகனையே குறை சொன்னார். விளையாட்டு வீரர்களை எளிய பாடப்பிரிவுகளுக்குத் தள்ளுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மிச்சிகன் கொதித்தது. அணியின் நட்சத்திர ஓட்டக்காரர் மைக் ஹார்ட், ஜிம் மிச்சிகன் ஆளே இல்லை என்று பொதுமேடையில் சொல்லிவிட்டார். அந்த ஊரில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

2. 2015 முதல் 2020 வரை. 2014 டிசம்பர் இறுதியில் ஜிம் மிச்சிகனின் தலைமைப் பயிற்சியாளராகத் தாய்வீடு திரும்பினார். முந்தைய ஏழு ஆண்டுகள் ரிச் ராட்ரிகஸ், பிரேடி ஹோக் ஆகிய இருவரின் கீழ் அணி சரிந்து கிடந்ததால், அவரை மீட்பராகவே வரவேற்றார்கள். ஆட்டங்களை வென்றார். ஒஹையோ ஸ்டேட்டை மட்டும் வெல்ல முடியவில்லை. ஐந்து ஆண்டு, ஐந்து தோல்வி. 2018இல் 62-39, 2019இல் 56-27 என்று அவமானகரமான தோல்விகள். 2020 கொரோனா பருவத்தில் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. அவரை அனுப்பிவிடுங்கள் என்ற குரல் பலமாக எழுந்தது. நிர்வாகம் அவர் ஊதியத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துப் புதிய ஒப்பந்தத்தை நீட்டியது. அவர் கையெழுத்திட்டுவிட்டார்.

அந்தக் கையெழுத்தைச் சிறிது நிறுத்திப் பார்க்க வேண்டும். வேறு இடங்களில் அவருக்கு வேலை கிடைத்திருக்கும். பாதி ஊதியத்துக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த பருவத்தில் பிக் டென் பட்டம் வென்று கிடைத்த ஊக்கத்தொகையை, பெருந்தொற்றில் ஊதியம் வெட்டப்பட்ட விளையாட்டுத் துறை ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்தார். ரசிகர்களின் மனம் திரும்பியதில் வெற்றிகளுக்கு எவ்வளவு பங்கோ, இந்த இரண்டு செயல்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு.

அந்த ஆண்டு ஜிம் தம் குழுவுக்கு அழைத்த புதிய உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? 2007இல் அவரை மிச்சிகன் ஆளே இல்லை என்று சொன்ன அதே மைக் ஹார்ட்.

அண்ணன் கை கொடுத்த விதம்

ஜான் எப்படி மிச்சிகனின் கணக்கில் முழுமையாக வந்து சேர்ந்தார் என்பதற்கான விடை 2021இல் இருக்கிறது. உணர்ச்சிக்கு அப்பால், இது முற்றிலும் ஆட்ட நுட்பம் சார்ந்த காரணம்.

ஒஹையோ ஸ்டேட்டின் எறிதல் ஆட்டத்தைத் தடுக்க மிச்சிகனிடம் வழி இல்லை என்பதுதான் அதுவரை நோய். 2021 தொடக்கத்தில் ஜிம், ரேவன்ஸ் அணியில் ஜானிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த 33 வயது மைக் மெக்டொனால்டைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளராகக் கொண்டுவந்தார். அவர் கொண்டுவந்த உத்தியைப் புரிந்துகொள்ள, குவாட்டர்பேக்கின் கண் வழியாகப் பார்க்க வேண்டும்.

வழக்கமாகத் தடுக்கும் பதினொருவரில் நான்கு பேர் பாய்ந்து வருவார்கள், ஏழு பேர் பின்னால் நின்று பந்தைப் பிடிக்க வருபவர்களை மறிப்பார்கள். ஐந்தாறு பேரைப் பாயவிட்டால் குவாட்டர்பேக்குக்கு நெருக்கடி கூடும், ஆனால் பின்னால் ஆள் குறைந்து ஓட்டை விழும். கெட்டிக்காரக் குவாட்டர்பேக் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து எறிந்துவிடுவார். மெக்டொனால்டின் முறையில், ஆறு பேர் கோட்டருகே குனிந்து பாயத் தயாராக நிற்பார்கள். ஆறு பேர் வருகிறார்கள் என்று குவாட்டர்பேக் கணக்குப் போடுவார், அவரைக் காக்கும் சக வீரர்களும் அதற்கேற்ப ஆள் பிரித்துக்கொள்வார்கள். பந்து அசைந்த கணத்தில் ஆறு பேரில் மூவர் பின்வாங்கி விடுவார்கள். யாரும் எதிர்பாராத ஓரத்திலிருந்து ஒருவர் புகுந்து வருவார். வந்தது நான்கு பேர்தான். பின்னால் ஏழு பேர் அப்படியே இருக்கிறார்கள். காலியாக இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஆள் நிற்கிறது. குவாட்டர்பேக் இரண்டாவது முறை யோசிக்க எடுக்கும் அரை நொடி போதும், ஆட்டம் குலைந்துவிடும்.

2021 நவம்பர் 27 அன்று பனி பெய்துகொண்டிருந்த ஆன் ஆர்பரில் மிச்சிகன் 42-27 என்று ஒஹையோ ஸ்டேட்டை வென்றது. 2011க்குப் பிறகு முதல் வெற்றி. ரசிகர்கள் வெள்ளம்போல் களத்துக்குள் இறங்கினார்கள்.

அதன்பின் இரு அணிகளுக்கும் இடையே ஆட்கள் போய் வந்த வரிசை இது:

1. 2022இல் ஜான் மெக்டொனால்டைத் தம் தடுப்பு ஒருங்கிணைப்பாளராகத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

2. அதே ஆண்டு ஜிம், முன்பு ரேவன்ஸில் ஜானிடம் இருந்த ஜெஸ்ஸி மின்டரை மிச்சிகனின் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். உத்தி மாறவில்லை, சொல்லும் குரல்தான் மாறியது.

3. மெக்டொனால்டின் கீழ் மிச்சிகனில் ஆடிய டேவிட் ஓஜாபோவை 2022இல் ரேவன்ஸ் தேர்ந்தெடுத்தது.

4. 2023 பருவத்தில் மிச்சிகன் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.4 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்து, கல்லூரிகளிலேயே முதலிடம் பெற்றது. அதே பருவத்தில் ரேவன்ஸ் 16.5 புள்ளிகள் என்ற கணக்கில் என்எஃப்எல்லில் முதலிடம் பெற்றது.

நான்காவது வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். ஒரே பருவத்தில், கல்லூரி உலகின் தலைசிறந்த தடுப்பும் தொழில்முறை உலகின் தலைசிறந்த தடுப்பும் ஒரே பாடப்புத்தகத்திலிருந்து பிறந்தன. இரண்டு அணிகளையும் நடத்தியவர்கள் ஒரே அறையில் ஒட்டுநாடா போட்டுப் பாகம் பிரித்த அண்ணன் தம்பி. அந்தப் பருவத்தில் மிச்சிகன் ரசிகர் ஞாயிற்றுக்கிழமை ரேவன்ஸ் ஆட்டத்தைப் பார்த்திருந்தால், முந்தின நாள் தம் மைதானத்தில் கண்ட அதே சூழ்ச்சியைக் கண்டிருப்பார். ஜானை அவர்கள் சொந்தம் கொண்டாடுவதில் வெறும் உறவுப் பாசம் மட்டுமே இருக்கிறது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவில்லை.

2023: பட்டமும் பழியும்

அதே ஆண்டு அணியைக் கடுமையான சர்ச்சையும் சூழ்ந்தது. இங்கே குழப்பம் அதிகம் என்பதால் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

1. களத்துக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர்கள் சைகை மூலம் உத்தியைச் சொல்வார்கள். ஆட்டத்தின்போது எதிரியின் சைகையைக் கவனித்து, பொருளை ஊகிப்பது குற்றமில்லை. ஆனால் அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி உளவு பார்ப்பதற்கு 1994 முதல் தடை இருக்கிறது. மிச்சிகனின் ஊழியர் ஒருவர் ஆட்களை வைத்து இதைத்தான் செய்தார் என்பது குற்றச்சாட்டு.

2. இது தெரியவரும் முன்பே, கொரோனா காலத்தில் விதிகளை மீறி மாணவ வீரர்களைச் சந்தித்தது குறித்த வேறொரு விசாரணையால், பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களுக்கு ஜிம்மைப் பல்கலைக்கழகமே விலக்கி வைத்திருந்தது. அந்த இடைவெளியில் வெவ்வேறு உதவியாளர்கள் அணியை நடத்தினார்கள். இரண்டாவது ஆட்டத்தின் ஒரு பாதியை ஜிம்மின் மகன் ஜே ஹார்பாவும் மறுபாதியை மைக் ஹார்ட்டும் நடத்தினார்கள். 84 வயதான அப்பா ஜாக்கும் அந்தப் பருவத்தில் குழுவில் இருந்தார்.

3. நவம்பர் 10 அன்று உளவு விவகாரத்துக்காக பிக் டென் கூட்டமைப்பு ஜிம்மை மேலும் மூன்று ஆட்டங்களுக்கு விலக்கியது. ஆக, 15 ஆட்டங்களில் ஆறில் அவர் களத்தில் இல்லை. பதினைந்தும் வெற்றி.

வெளியாட்களுக்கு இந்தத் தண்டனை பட்டத்தின்மேல் விழுந்த கறை. மிச்சிகன் ரசிகர்களுக்கோ, வீட்டுப் பிள்ளையை ஊரே சேர்ந்து அடிக்கிறது என்ற உணர்வு. ஜிம்மை விடுவியுங்கள் என்று எழுதிய சட்டைகளோடு மைதானத்துக்கு வந்தார்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: குடும்பமாக நேசிப்பவர்களிடம் நியாயத் தராசு சமமாக நிற்காது. விதி மீறல் நடந்தது என்று கல்லூரி விளையாட்டுகளின் ஆளுமை அமைப்பே பின்னர் தீர்ப்பளித்தது. கோடிக்கணக்கான டாலர் அபராதம் விதித்தது. பட்டத்தைப் பறிக்கவில்லை. ஒஹையோ ரசிகர் ஒருவர் இதே செயலைச் செய்த தம் அணியை இப்படித் தாங்கிப் பேசியிருந்தால் மிச்சிகன்காரர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள்.

ஹூஸ்டனில் பட்டம் வென்ற இரவில் ஜிம் சொன்னது குடும்பத்தைப் பற்றித்தான். அப்பா தேசியப் பட்டம் வென்றவர், அண்ணன் சூப்பர் பவுல் வென்றவர், இனிமேல் நானும் பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், சின்னப் பிள்ளைகள் மேசைக்கு அனுப்ப மாட்டார்கள் என்றார். அறுபது வயது மனிதரின் பேச்சு இது.

அவர் போனபின்

பதினாறு நாள் கழித்துக் கிளம்பியபோது ரசிகர்கள் ஏன் கோபப்படவில்லை என்ற முதல் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் அது துரோகம். அவர் போனது தொழில்முறை உலகத்துக்கு. அண்ணன் வென்றும் தம்மால் இன்னும் வெல்ல முடியாமல் இருந்த சூப்பர் பவுல் பட்டம் அங்கேதான் இருக்கிறது. வீட்டின் கதை தெரிந்த ரசிகருக்கு இது விளக்கம் தேவைப்படாத காரணம். மின்டரையும் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸுக்கு அழைத்துச் சென்றார். மெக்டொனால்ட் சியாட்டில் சீஹாக்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆகி, ஜிம்மின் மகன் ஜேயைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 2024 நவம்பர் 25 அன்று சார்ஜர்ஸும் ரேவன்ஸும் மோதின. 30-23 என்று மறுபடியும் அண்ணனே வென்றார். மூன்றுக்கு மூன்று.

மிச்சிகனுக்கு நேர்ந்த இழப்பு வேறு வகையானது. ஒரே நேரத்தில் தலைமைப் பயிற்சியாளரும் தடுப்பு ஒருங்கிணைப்பாளரும் போய்விட்டார்கள். ஜிம் திரும்பி வருவதற்கான கதவும் ஏறக்குறையச் சாத்தப்பட்டுவிட்டது. கொரோனா கால விதிமீறல் குறித்த 2024 ஆகஸ்ட் தீர்ப்பில் அவர்மேல் நான்கு ஆண்டுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில், உளவு விவகாரத்துக்காக, அது முடிந்ததும் தொடங்கும்படி இன்னும் பத்து ஆண்டுகள் விதிக்கப்பட்டன. இந்தக் காலத்தில் எந்தக் கல்லூரி அவரைப் பணியில் அமர்த்தினாலும், அவரை விளையாட்டுப் பணிகளிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் ஒதுக்கவில்லை என்று காரணம் காட்ட வேண்டும்.

அந்தக் கட்டுப்பாடு 2038 ஆகஸ்டில் முடிகிறது. அப்போது ஜிம்முக்கு 74 வயது இருக்கும். அதுவரை, அவர் படித்த பள்ளியின் புல்வெளியில் வண்டியை நிறுத்தி, தெருவைக் கடந்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு மற்ற ரசிகர்களைப் போல அவரும் உள்ளே போகலாம்.